மருந்து எங்கே இருந்தது?

சர்க்கரை ஏறிவிட்டது என்றால் வீட்டில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது நோயாளியின் நாக்கைத்தான். "ஒளிச்சு வச்சு என்னத்தையாச்சும் தின்னிருப்பே" என்று மகன் அதட்டுவான். மருமகள் பழக்கூடையை எட்டிப் பார்ப்பாள். பேரப்பிள்ளைகூட, "ஆயா நேத்து அதிரசம் தின்னுச்சு" என்று சாட்சி சொல்லும். வெளியே வரிசை நிற்பதால் மருத்துவரும் அவசரத்தில் இருப்பார். நாலு யூனிட் கூட்டி எழுதிவிடுவார். இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி ஒன்று உண்டு. அந்த ஊசி மருந்து இத்தனை நாளும் வீட்டில் எங்கே இருந்தது?

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரார் வாயில் என்றைக்கும் கம்பவுண்டர்தான். இப்போது விழுப்புரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். எனக்கும் இன்சுலின் உண்டு. மருந்தை எடுத்துக் கொடுக்கும்போதே, "வீட்டுல எங்கம்மா வைப்பீங்க?" என்று கேட்பது என் வழக்கமாக இருந்தது. கிடைத்த பதில்களை இன்று நினைத்தாலும் மனம் பதறும். சாமி மாடத்தில், அடுப்பு மேடைக்கு மேல் அலமாரியில், ஜன்னல் ஓரத்தில், தலையணைக்கு அடியில், டிவி மேல், ஃப்ரீசருக்குள் மீனோடு மீனாக.

மயிலம் பக்கத்து ஊரிலிருந்து வரும் ஓர் ஆயா சொன்னது அந்தக் கடைசிப் பதில். மகன் புதிதாக ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தான். மருந்து எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, ஐஸ் பிடிக்கும் பெட்டிக்குள்ளேயே பாட்டிலை வைத்துவிட்டார்கள். காலையில் எடுத்து வெளியே வைத்து, உருகிய பிறகு ஊசி. சர்க்கரை இறங்கவேயில்லை. மாதாமாதம் அளவு கூடிக்கொண்டே போயிற்று. அந்த ஆயா வாயைக் கட்டி வாழ்ந்தவர். பொங்கலுக்குக்கூடச் சர்க்கரைப் பொங்கலைத் தொடாமல் இருந்ததைச் சொல்லி அழுதார். வீட்டில் யாரும் நம்பவில்லை.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போனார். அங்கே புதுப் பாட்டில். ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டிய இடத்தில் வைத்திருந்தார்கள். கூட்டி எழுதிய அளவையே போட்டுக்கொண்டார். அன்று இரவு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிவிட்டது. மருந்து வேலை செய்யாதபோது கூட்டிய அளவு அது; இப்போது வேலை செய்கிற மருந்தோடு உள்ளே போயிருக்கிறது. நினைவு இருக்கும்போதே மகள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தார். நினைவு தப்பிய பிறகு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கெட்டுப்போன மருந்துக்கு இப்படி இரண்டு முனை இருக்கிறது. அது இருக்கும்வரை சர்க்கரை ஏறும். அது போய் நல்ல மருந்து வரும் அன்று சர்க்கரை கீழே விழும். ஊசியின் அளவைக் கூட்டும் முன் மருந்து இருந்த இடத்தைப் பாருங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாகக் கோத்து, குறிப்பிட்ட ஒரு விதத்தில் மடிந்து நிற்கிறது. அந்த மடிப்பில்தான் அதன் சக்தி இருக்கிறது. விழுங்கினால் வயிறு மற்றப் புரதங்களைப் போலவே இதையும் செரித்துவிடும் என்பதால் ஊசியாகப் போட்டுக்கொள்கிறோம். வெள்ளைக்கரு ஒருமுறை வெந்துவிட்டால் எத்தனை குளிர்ந்த தண்ணீரில் போட்டாலும் பழையபடி இளகாது அல்லவா, சூட்டில் குலைந்த இன்சுலினும் அப்படித்தான். ஒரே நாளில் குலையாது. நாள்பட, சூட்டின் அளவைப் பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குலையும். உறைவது அதைவிட மோசம். ஒரே இரவு போதும். பால் நிறத்தில் இருக்கும் இன்சுலினில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதன்பின் ஒரு நாள் அதிகமும் ஒரு நாள் குறைவுமாக உடம்பில் ஏறும். உறைந்த மருந்தை உருக்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது. இதற்கு விதிவிலக்கு கிடையாது.

தெளிந்த வகை இன்சுலின் தண்ணீர் போலத் தெளிவாகவே இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் வேண்டாம். பால் நிற வகையை உள்ளங்கைகளுக்கு நடுவில் மெல்ல உருட்டினால் ஒரே சீராகக் கலக்க வேண்டும். அடியில் கட்டி நின்றாலோ, பாட்டிலின் உட்சுவரில் வெண்படலம் பிடித்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். ஆனால், பார்வைக்கு நன்றாக இருக்கிற மருந்தெல்லாம் நல்ல மருந்து என்று நம்பிவிட முடியாது. பாதி சக்தி போன பிறகும் கண்ணாடிபோலத் தெரியும் பாட்டில்கள் உண்டு. கண்ணை நம்புவதைவிடத் தேதியையும் இடத்தையும் நம்புவது மேல்.

பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பெட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதிவரை தாங்கும். பிரித்துப் போட ஆரம்பித்த பிறகு, பெரும்பாலான இன்சுலினுக்கு 28 நாள்தான் கணக்கு. அந்த நாட்களில் 30 டிகிரிக்குள் வெளியேயும் இருக்கலாம். சில வகைகள் கூடுதல் நாள் தாங்கும். டெக்லுடெக் என்ற நீண்டநேர இன்சுலின் எட்டு வாரம்வரை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இதெல்லாம் இருக்கிறது. எழுத்து பொடியாக இருந்தால் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

இந்த 28 நாள் கணக்கில் ஏழைகளை வதைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஊரில் அதிகம் புழங்கும் 10 மில்லி பாட்டிலில், மில்லிக்கு 40 யூனிட் வீதம், 400 யூனிட் மருந்து இருக்கிறது. நாளைக்கு 10 யூனிட் மட்டும் போடுகிறவருக்கு அது 40 நாள் வரும். கடைசிப் பன்னிரண்டு நாள் அவர் போடுவது கெடு தாண்டிய மருந்து. மீதியைக் கொட்டிவிடுங்கள் என்று சொல்லும்போது, கூலி வேலைக்குப் போகிற அம்மாவின் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட யாருக்குத்தான் மனம் வரும்? குறைந்த அளவு போடுகிறவர்கள் 3 மில்லி பேனா ஊசி தங்களுக்குச் சரிப்படுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அதில் மில்லிக்கு 100 யூனிட், மொத்தம் 300. வீணாவது குறையும். எப்படியானாலும், பிரித்த அன்றே பாட்டிலின் மேல் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டித் தேதி எழுதுங்கள். நான் மருந்து கொடுத்தபோது பேனாவையும் கையில் வைத்திருந்து எழுதியே கொடுப்பேன்.

இப்போது வாரம் ஒருமுறை போடுகிற ஊசிகளும் வந்துவிட்டன. சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் சேர்த்தே பேசப்படும் மருந்துகள். மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வீகோவி அதே ஆண்டு ஜூனிலும், ஓசெம்பிக் டிசம்பரிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. பின்னவை இரண்டிலும் இருப்பது செமாக்ளூடைடு. அதன் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சோடு முடிவது. உள்நாட்டு நிறுவனங்களின் மருந்து வரவர விலை இறங்கும். சென்னையில் மட்டும் பேசப்பட்ட மருந்து திண்டிவனத்து மெடிக்கல்களிலும் கேட்கப்படும். இவையும் இன்சுலினைப் போலவே அமினோ அமிலச் சங்கிலிகள்தான். பிரிக்காதவரை அதே 2 முதல் 8 டிகிரி. உறைந்தால் அதே கதி. வெளியே வைக்கலாம் என்ற நாள் கணக்கு மட்டும் மருந்துக்கு மருந்து மாறுகிறது. மவுன்ஜாரோவின் ஒருவேளைக் குப்பி 30 டிகிரிக்கு மேற்படாமல் 21 நாள் வெளியே இருக்கலாம். அதன் பேனாவோ முதல் ஊசி போட்டபின் 30 நாள். செமாக்ளூடைடு பேனாக்களில் ஒன்றுக்கு ஒரு கெடு, இன்னொன்றுக்கு வேறு கெடு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கணக்கை உங்கள் பேனாவுக்குப் பொருத்தாதீர்கள்.

தினமும் போடுகிற ஊசி தினமும் கண்ணில் படும். வாரம் ஒன்று போடுவது ஆறு நாள் மறந்து கிடக்கும். அந்த ஆறு நாளில் கரண்ட் போனதும், ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் கிடந்ததும், யாரோ இடம் மாற்றி வைத்ததும் தெரியாமலே போய்விடலாம். விலையும் அதிகம். ஆகவே கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

வெப்பம் மருந்தை எவ்வளவு கெடுக்கிறது என்பதை அறிய நாம் தூரதேசத்துக்குப் போகவேண்டியதில்லை. விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற புதுச்சேரி ஜிப்மரில் விமலாவதினி, கீதாஞ்சலி என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 2009-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் அது வெளிவந்தது. 32 டிகிரியிலும் 37 டிகிரியிலும் வைத்த இன்சுலின், 28 நாள் முடிவில் 14 முதல் 18 சதவீதம் வரை வீரியம் இழந்திருந்தது. நம் கத்திரி வெயிலில் தகரக் கூரை வீட்டுக்குள் 37 டிகிரி என்பது சாதாரணம். பத்து யூனிட் போடுகிறேன் என்று நினைப்பவர் எட்டரை யூனிட் போட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. கென்யாவில் தாதாப் என்ற பெரிய அகதி முகாம் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் இல்லாத கூடாரங்களில் பகலில் 37 டிகிரிக்கு ஏறி இரவில் 25-க்கு இறங்கும் வெப்பத்தை அளந்து, அதே ஏற்ற இறக்கத்தில் இன்சுலினை நான்கு வாரம் வைத்துப் பார்த்தார்கள், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும். 2021-இல் வந்த முடிவில் இழப்பு ஒரு சதவீதத்துக்கு மேல் இல்லை. 2023-இல் காக்ரேன் அமைப்பு உலக ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், பிரிக்காத மனித இன்சுலின் 25 டிகிரியில் ஆறு மாதமும் 37 டிகிரியில் இரண்டு மாதமும் பெரிய பாதகமின்றித் தாங்கும் என்ற முடிவுக்கே வந்தது.

இரண்டையும் படித்த பிறகு நான் எடுத்துக்கொண்டது இது. ஃப்ரிட்ஜ் இல்லை என்பதற்காக யாரும் இன்சுலின் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அகதிக் கூடாரத்தில் இருப்பவருக்குச் சாத்தியமானது நம் ஓலைவீட்டுக்காரருக்கும் சாத்தியமே. ஒரு நாள் வெளியே இருந்துவிட்டது என்று பதறி விலையுயர்ந்த மருந்தைக் கொட்டவும் வேண்டாம். அதே சமயம் ஜிப்மர் கண்ட இழப்பும் உண்மை. சித்திரை, வைகாசியில் மெத்தனமாக இருக்க அது இடம் தரவில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவை மீறலாம் என்பதற்கு இந்த ஆய்வுகளைச் சாக்காக எடுக்கவும் கூடாது. முடிந்தவரை பெட்டி சொல்வதைச் செய்வோம். முடியாமல் போன நாளில், அதன்பின் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்வோம். வாரம் ஒருமுறை போடும் புது ஊசிகளுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. மேற்சொன்னவை இன்சுலினைப் பற்றிய ஆய்வுகள்.

இதெல்லாம் எங்கள் மாவட்டத்துக்குப் பரீட்சையாக வந்தது 2024 நவம்பர் 30 இரவில். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறி, நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட்டு, தென்பெண்ணை இரு கரையும் மீறி வந்தது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலையே தண்ணீரில் மறைந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்கள் நின்றன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தவர்களுக்குக்கூட இந்தத் தண்ணீர் புதிது.

அந்த நாட்களில் எங்கள் தெருக்காரர்கள் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். ஒருவர் ஃப்ரிட்ஜ் நின்றுபோனதால் மருந்து கெட்டிருக்கும் என்று ஊசியையே நிறுத்தியிருந்தார். இன்னொருவர் எங்கோ அலைந்து ஐஸ் கட்டி வாங்கி, அதற்குள் பேனாவைப் புதைத்து வைத்திருந்தார். முதலாமவர் செய்தது பெரிய ஆபத்து. இரண்டாமவர் நல்லெண்ணத்தோடு மருந்தை உறைய வைத்துக்கொண்டிருந்தார். அடைமழைக் காலத்தில் வீட்டுக்குள் வெப்பம் 30 டிகிரியை எட்டுவதில்லை. கரண்ட் இல்லாத மூன்று நாளும் மருந்து மேசை மேல் இருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தால் முதல் சில மணி நேரம் குளிரும் தங்கும். குளிர் விட்டுப்போன பிரிக்காத பாட்டிலை அன்றே பிரித்ததாக வைத்துக்கொண்டு, அன்றைய தேதியை எழுதி, 28 நாளுக்குள் முடித்துவிட வேண்டியதுதான்.

வெள்ளத்தில் முழுகிய பாட்டிலும் பேனாவும் மட்டும் வேறு. சாக்கடையும் ஆறும் கலந்த தண்ணீர் பட்ட மருந்தை, எவ்வளவு விலையானாலும், உடம்புக்குள் ஏற்றக் கூடாது. எங்கள் பக்கம் அப்படி இழந்தவர்கள் உண்டு. கையில் மருத்துவர் சீட்டும் இல்லை. அதுவும் தண்ணீரோடு போயிருந்தது. அதிலிருந்து எனக்குத் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லி வருகிறேன். ஐப்பசி பிறக்கும்போதே மருந்துச் சீட்டைப் போனில் படம் பிடித்து, பிள்ளைகளின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். ஒரு மாத மருந்து, ஊசிகள், சர்க்கரை பார்க்கும் கருவி, கொஞ்சம் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பையில் கட்டி, பரண் உயரத்தில் வைக்க ஓரிடம் பார்த்துவையுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் ஃப்ரிட்ஜிலிருந்து பைக்கு மாற்றினால் போதும்.

புயலைவிடக் கோடைதான் ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளுக்குப் பெரிய சோதனை. மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் அரசு கொடுத்து வீடுதோறும் வந்தன. ஃப்ரிட்ஜ் அப்படி வரவில்லை. அங்கே மண்பானை கைகொடுக்கும். ஒரு பெரிய பானையில் ஈர மணல் போட்டு, அதன் நடுவில் சிறிய பானையை இறக்கி, மருந்தை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். மேலே ஈரத்துணி. காலை மாலை மணலை நனையுங்கள். பானை காற்றோட்டமான நிழலில் இருக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிரும். மருந்து நேரடியாகத் தண்ணீரில் மிதக்கக் கூடாது. செஞ்சிப் பக்கத்து வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். மரக்காணத்து உப்பளக் காற்று ஈரமானது. அங்கே பானை அவ்வளவாகக் குளிராது. கடலோரத்தில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு மூலை கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கேட்க வெட்கப்படாதீர்கள். ஊறுகாய் கடன் கேட்கிறோம், மருந்துக்கு இடம் கேட்கக் கூடாதா?

ஃப்ரிட்ஜ் இருக்கிற வீட்டில் வேறு சங்கடம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குக் கீழே ஒரு தட்டு தொங்கும். பால் பாக்கெட் அங்கே பாதி உறைவதைப் பார்த்திருப்பீர்கள். மருந்துக்கு அந்த இடம் ஆகாது. பின்சுவரை ஒட்டியும் வேண்டாம். கதவில் வைத்தால் உறையாது, ஆனால் திறக்கும்போதெல்லாம் சூடும் குலுக்கலும் படும். நடுத்தட்டில், சுவரைத் தொடாமல், அதன் அட்டைப் பெட்டியோடு ஒரு டப்பாவில் போட்டு வைப்பது நல்லது. அட்டைப் பெட்டி வெளிச்சத்தையும் தடுக்கும். மார்கழிக் குளிரில் ஃப்ரிட்ஜின் குமிழைக் குறைத்து வையுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிப் போட்டால் ஊகம் தேவைப்படாது. 2018-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு ஃப்ரிட்ஜ்களிலும் கையோடு கொண்டுபோகும் பைகளிலும் இன்சுலினுக்குப் பக்கத்தில் கருவி வைத்து அளந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பதிவுகள் வெப்ப அளவு தப்பியவையாகவே இருந்தன. வசதியான வீடுகளிலேயே இந்த நிலை.

ஆனால் நான் பேச நினைப்பது குளிரின் அளவை மட்டும் அல்ல. அந்த நடுத்தட்டு யாருடையது? மாவு, குழம்பு, பிள்ளைகளின் சாக்லேட், குளிர்பானம் எல்லாவற்றுக்கும் ஃப்ரிட்ஜில் நிலையான இடம் இருக்கும். கிழவியின் மருந்து மட்டும் இடம் கிடைத்த மூலைக்குத் தள்ளப்படும். ஞாயிற்றுக்கிழமை கறி வந்தால் மருந்து வெளியே வரும். திரும்ப உள்ளே போவது சாயங்காலம் யாருக்காவது நினைவு வந்தால்தான். அந்த அம்மாவும் எதுவும் கேட்கமாட்டார். தன் வயிற்றுக்கே கடைசியாகப் பரிமாறிக்கொண்டவர், தன் மருந்துக்கா இடம் கேட்பார்? மருந்துக்கு என்று மூடியோடு ஒரு டப்பா, அதன்மேல் அவர் பெயர், அதைத் தொடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு சொல். இதைச் செய்த வீடுகளில் சர்க்கரை கட்டுக்குள் வந்ததைப் பார்த்திருக்கிறேன். தன்னை ஒரு பொருட்டாக மதிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்த அம்மாக்கள் வேளை தவறாமல் ஊசி போட்டுக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

எடைக்கு ஊசி போடும் இளம்பெண்களின் கதை இதைவிட வேதனை. மாமியாருக்குத் தெரியக் கூடாது, நாத்தனார் சிரிப்பாள், கணவன் "சாப்பாட்டைக் குறைச்சா போதாதா" என்பான். அதனால் பேனா பீரோவில் புடவை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். மே மாதத்துப் பீரோவுக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உடல் பருமன் ஒரு நோய். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து அதற்கு இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஒளிக்காமல் சொல்லும்படி வீட்டுப் பெரியவர்கள்தான் நடந்துகொள்ள வேண்டும். இளையவர்களுக்கும் ஒன்று: மருத்துவர் பார்க்காமல், தோழி போட்டாள் என்பதற்காக இந்த ஊசியைத் தொடாதீர்கள். ஒரு பேனாவை ஊசி மாற்றி இருவர் பகிர்வதும் கூடாது; பேனாவுக்குள் பின்வாங்கும் இரத்தத் துளி கண்ணுக்குத் தெரியாது.

கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலும் மருந்து கெடலாம். திண்டிவனம் கடைத்தெருவில் முதலில் மருந்தை வாங்கி வண்டியின் டிக்கியில் போட்டுவிட்டு, துணிக்கடை, மளிகை, உறவினர் வீடு என்று சுற்றி ஊர் போய்ச் சேருகிறவர்கள் அதிகம். சீட்டுக்கு அடியில் அந்தப் பெட்டி என்ன சூடு சுடும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லா வேலையும் முடித்து மருந்தைக் கடைசியாக வாங்குங்கள். ஐஸ் ஜெல் வைத்துத் தரச் சொல்லுங்கள். ஜெல்லுக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு செய்தித்தாள் மடிப்பு இருக்கட்டும். பேருந்தில் இன்ஜின் பக்கமும், காரில் கண்ணாடிக்கு முன்னும் மருந்துப் பை வேண்டாம். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வையுங்கள். கீழே சரக்கோடு போட்டால் உறையக்கூடும். விலை குறைவு என்று ரசீது இல்லாமல் யாரிடமும் வாங்காதீர்கள். போலி செமாக்ளூடைடு பிரேசில், பிரிட்டன், அமெரிக்காவில் பிடிபட்டதை 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது. உண்மையான மருந்தாகவே இருந்தாலும், அது எந்த வெயிலில் எத்தனை நாள் கிடந்து வந்தது என்று ரசீது தராதவர் சொல்லமாட்டார்.

ஊசி போட்டதும் பேனாவிலிருந்து ஊசியைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் மருந்து கசியும், காற்று உள்ளே போகும். கழற்றியதைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் சுகாதார நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள். வெறுங்கையால் குப்பை அள்ளுகிற தூய்மைப் பணியாளரை நினைத்துக்கொண்டால் போதும், யாரும் ஊசியைத் தெருவில் வீசமாட்டார்கள்.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் 26.3 சதவீதம். இவர்கள் வீட்டு வாசலுக்கே மருந்து கொண்டுபோக 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்று எங்கள் கிராமங்களிலும் நடக்கிறது. வாசல்வரை வருகிற அந்தச் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறேன். சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்து, கையெழுத்து வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். ஊசி போடுகிறவர் வீடு என்றால், "மருந்து எங்க வச்சிருக்கீங்க, காட்டுங்க ஆயா" என்று கேளுங்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். ஃப்ரீசரை ஒட்டியிருந்தால் நீங்களே எடுத்து நடுத்தட்டில் வையுங்கள், தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் எழுதுங்கள். மருத்துவர்களும் அளவைக் கூட்டும் முன் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். அடுத்த முறை அவர்களும் தங்கள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வருவார்கள்.